டெக்சஸ் பிஸ்டலோடு நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறவர் கவனத்துக்கு

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. கிளாக் 19 பிஸ்டல் ஒன்று, 15 ரவுண்டு (தோட்டா) கொள்ளும் மேகசின், அதாவது தோட்டாக் கூடு, மூன்று, முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். வேலை மாறி நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் குடிபோகிறோம். எல்லாவற்றையும் எஸ்யூவியிலேயே எடுத்துப் போகலாமா? எஃப்-1 விசாவில் படிக்கும் என் தம்பியும் கூட வந்து பாதித் தூரம் வண்டி ஓட்டுவான்.

பதில்: பிஸ்டல் போகலாம். மேகசின்கள் போகக் கூடாது. ஹாலோ பாயின்ட் தோட்டாவை டெக்சஸிலேயே கழித்துவிடுங்கள். பெட்டிச் சாவி தம்பி கைக்குப் போகவே கூடாது. நீங்கள் ஒரே வரியில் கேட்டுவிட்ட தம்பி விஷயம்தான் இதில் பெரிய ஆபத்து என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

மாணவர் விசா, ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அதிகபட்சம் 15 ஆண்டுச் சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு என்று நண்பர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் உரிமம் காலாவதியாகும் அன்றே விதிவிலக்கும் போய்விடும். 'வைத்திருப்பது' என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற நிலையில் இருந்தாலே அரசுத் தரப்பு அதை வைத்திருப்பதாக வாதாட முடியும். நீங்கள் பெட்ரோல் பங்கில் காபி வாங்கப் போன நேரத்தில், பெட்டிச் சாவி தொங்கும் கொத்தோடு தம்பி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தால் அந்த நிலைதான். பெட்டிக்குத் தனிச் சாவி, அது உங்கள் பாக்கெட்டில். எண் பூட்டு என்றால் எண் உங்களுக்கு மட்டும். வண்டியை அவனிடம் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். எடிசன் வீட்டிலும் அவன் தங்குவானானால் அலமாரிக்கும் இதே ஏற்பாடு. இதைவிட நல்ல வழி, தம்பி விமானத்தில் வருவது.

அடுத்தது மேகசின். நியூ ஜெர்சியில் 2018 முதல் 10 ரவுண்டுக்கு மேல் கொள்கிற மேகசினை வைத்திருப்பதே குற்றம். 18 மாதம் வரை சிறை. அதற்கு முன் வரம்பு 15 ஆக இருந்தது, பழைய ஆலோசனைகளை நம்பி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காலியாக இருந்தாலும், துப்பாக்கியிலிருந்து தனியாக இருந்தாலும் குற்றமே. உங்கள் மேகசினின் முதுகில் வரிசையாகத் துளைகளும் பக்கத்தில் எண்களும் இருக்கும். கடைசி எண் 15 என்றால் அது எல்லையைத் தாண்டக் கூடாது. டெக்சஸிலேயே விற்றுவிட்டு, அதே பிஸ்டலுக்கான 10 ரவுண்டு மேகசின் வாங்கிக்கொள்ளுங்கள். 10 ரவுண்டோடு நிற்கும்படி நிரந்தரமாக மாற்றியமைப்பதும் உண்டு, ஆனால் கழற்றி எடுக்கக்கூடிய கட்டையை உள்ளே செருகிவிட்டு மாற்றிவிட்டேன் என்று சொன்னால் செல்லாது. புறப்படும் முன் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு) கொண்டுபோகும் பையைக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் மறந்துபோன ஒரு மேகசின்தான் பெரும்பாலும் மாட்டிவிடும்.

ஹாலோ பாயின்ட் தோட்டா நியூ ஜெர்சியில் முழுத் தடை இல்லை. வீட்டில் வைத்திருக்கலாம், கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ரேஞ்சுக்கும் எடுத்துப் போகலாம். வேறு மாநிலத்து வீட்டிலிருந்து கொண்டுவந்தேன் என்றால் வாதம் சிக்கலாகிறது. இரண்டு பெட்டித் தோட்டாவுக்காக அந்த வாதத்தில் இறங்க வேண்டாம்.

இனி பயணம். துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்ற 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வழியில் உள்ள மாநிலங்களில் உங்களைக் காக்கும். நிபந்தனை: புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அது உங்களுக்குச் சட்டபூர்வமாக இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. எஸ்யூவியில் தனி டிக்கி கிடையாது. அதனால் பூட்டிய பெட்டி கட்டாயம். டேஷ்போர்டு அறையும் நடுக் கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (மேல் பகுதியை) இழுத்து, தோட்டா நிற்கும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிட்டுக் கெட்டியான பெட்டியில் பூட்டுங்கள். தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில். இரண்டும் சாமான்களுக்கு அடியில், கடைசியில்.

டல்லாஸிலிருந்து லிட்டில் ராக், மெம்பிஸ், நாக்ஸ்வில் வழியாக ஐ-81 நெடுஞ்சாலையைப் பிடித்தால் வர்ஜீனியா முழுக்கக் கடந்து, மேற்கு வர்ஜீனியாவில் 26 மைல், மேரிலாந்தில் 12 மைல், பிறகு பென்சில்வேனியா, அங்கிருந்து ஐ-78. வாஷிங்டன், டெலவேர் பக்கமே போக வேண்டியதில்லை. கடைசி இரவை வர்ஜீனியாவில் ரோனோக் சுற்றுவட்டத்தில் கழித்தால் மறுநாள் நேரே வீட்டு வாசலில் இறங்கலாம். நியூ ஜெர்சி எல்லைக்குள் ஓட்டல், மால், நண்பர் வீட்டு விருந்து எதுவும் வேண்டாம். அந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பது வழியில் தவிர்க்க முடியாத நிறுத்தங்களை மட்டுமே.

விமானம் சுலபம் என்று தோன்றும். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒரு பயணி நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியை அவரிடம் கொடுத்தார்கள், இரவு ஓட்டலில் தங்கினார், மறுநாள் கைது. அந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் கூட்டாட்சிப் பாதுகாப்பு இல்லை என்று 2010-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குடிபெயர்வதற்கு என்றே நியூ ஜெர்சிச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் நிரூபிக்கும் பாரம் நடைமுறையில் உங்கள் தலையில். கொலராடோவிலிருந்து குடிவந்த பிரையன் எய்ட்கன் 2009-இல் கைதானபோது துப்பாக்கிகள் டிக்கியில், தோட்டா இல்லாமல் இருந்தன. அந்த விலக்கைப் பற்றி ஜூரி கேட்டும் நீதிபதி விளக்கவில்லை. 7 ஆண்டுத் தண்டனை. 2010 டிசம்பரில் ஆளுநர் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். ஆகவே வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், சாமான் ஏற்றிய ரசீது ஆகியவற்றின் காகிதப் பிரதி வண்டியில் இருக்கட்டும். இப்படி ஒரு விலக்கில் அடங்காமல், பெர்மிட்டும் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அங்கே இரண்டாம் நிலைக் குற்றம்: 5 முதல் 10 ஆண்டு, பரோல் இல்லாமல் 42 மாதம் கட்டாயம். கிரீன் கார்டுகாரருக்கு அதோடு முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று குடிவரவுச் சட்டம் தனியாகவே சொல்கிறது.

போய்ச் சேர்ந்ததும் 60 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். 2022 சட்டப்படி, புதிதாகக் குடிவந்தவர் அதற்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை எடுத்து, கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். முதல் வாரத்திலேயே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 50 டாலர். விரல் ரேகை, உறவினரல்லாத இருவரின் பரிந்துரை, மனநலப் பதிவைப் பார்க்க ஒப்புதல், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். தாமதம் பெரும்பாலும் பரிந்துரைப்பவர் மின்னஞ்சலைக் கவனிக்காததால்தான், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுவது வேறு கதை. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவருக்கு லைசென்ஸே தேவையில்லை. நியூ ஜெர்சி எந்த வெளிமாநில லைசென்ஸையும் ஏற்காது. 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில், தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற முறையை ரத்து செய்த பிறகு, நியூ ஜெர்சியும் 'நியாயமான தேவை' என்ற நிபந்தனையைக் கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய சட்டம் வந்து கட்டணம் 200 டாலராக ஏறியது, துப்பாக்கி நுழையக்கூடாத இடங்களின் பட்டியல் நீண்டது. ஒரு மாநில லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் படுத்துவிட்டது. ஓட்டுநர் உரிமம் போலத்தானே என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அரசியல் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. 10 ரவுண்டு வரம்பை எதிர்த்தும் வழக்குகள் உண்டு. வழக்கு நடக்கிறது என்பதற்காகச் சட்டம் ஓய்வெடுக்காது. புறப்படும் வாரம் நியூ ஜெர்சித் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

இதெல்லாம் தலைவலி என்றால், டெக்சஸிலேயே லைசென்ஸ் பெற்ற கடையில் பிஸ்டலை விற்றுவிட்டு, எடிசனில் அட்டையும் 25 டாலர் கைத்துப்பாக்கி பெர்மிட்டும் எடுத்தபின் புதிதாக வாங்குங்கள். பெர்மிட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி, 30 நாளுக்கு ஒன்று. கூரியர் பெட்டியில் சாமானோடு சாமானாகப் போட்டு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தனிநபர் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்புவதற்கும் தடை உண்டு.