எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? விமானக் கேள்விகளுக்குப் பதில்

சார், சென்னையில் இரவு 11.30-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6.15-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரப் பயணமா?

இல்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணி. திரும்பி வரும்போது அதே இரண்டரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போட முடியுமா அண்ணா?

தாராளமாக. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. இவற்றை ஹேவர்சைன் சூத்திரத்தில் (உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள குறைந்த தூரத்தைத் தரும் கணக்கு) போட்டால் தூரம் வந்துவிடும். நேரத்துக்கு நான் வைத்திருப்பது ஒரு குத்துமதிப்பு: தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டு. சென்னை–லண்டன் சுமார் 8,200 கி.மீ.; பத்தே முக்கால் மணி வருகிறது. ஜெட் விமானங்களுக்கு மட்டும்தான் இது.

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்கு வழி ஆர்க்டிக் பக்கம் என்கிறார்களே?

உண்மைதான். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழக்கே நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட 15,000 கி.மீ. உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே 75 டிகிரி வரை ஏறி இறங்கும், 12,400 கி.மீ.தான்.

ஆனால் குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வழித்தடத்தில் ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகத்தான் பறந்தது. 2016-இல் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் ஏறக்குறைய 1,400 கி.மீ. கூடியது, நேரமோ இரண்டு மணி போலக் குறைந்தது! மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். லண்டனிலிருந்து சென்னைக்கு வருவது, போவதைவிடச் சீக்கிரம் முடிவதும் இதனால்தான். கால்குலேட்டருக்குக் காற்று தெரியாது.

சென்னை–மதுரை 420 கி.மீ.தானே? ஒன்றேகால் மணி போடுகிறார்களே?

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் அதற்குள்தான். மேலே ஏறி முழு வேகம் பிடித்தால் உடனே இறங்க வேண்டியதுதான். ஏடிஆர் (ஜெட் அல்ல, விசிறி சுழலும் சிறிய விமானம்) என்றால் வேகமே மணிக்கு 500 கி.மீ. பக்கம்தான். சென்னை–யாழ்ப்பாணத்துக்கும் இதே கதை, தூரம் 355 கி.மீ.

கால்குலேட்டர் காட்டும் தூரத்தைத்தான் விமானம் பறக்குமா?

அநேகமாகக் கொஞ்சம் கூடவே பறக்கும். சில சமயம் நிறையவே. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லி–லண்டன் போகும் ஏர் இந்தியா விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் அன்றைய அட்டவணையை நம்புங்கள், சூத்திரத்தை அல்ல.

மைல் என்று போட்டால் எந்த மைல்?

விமானி சொன்னால் கடல் மைல், 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609 கி.மீ.