பெண் ஓவியர்களுக்குன்னு தனியா கண்காட்சி தேவையா? திறமை இருந்தா பொதுக் கண்காட்சியிலயே இடம் கிடைக்காதா?

கேள்வி கேட்டவர் சமீபத்துல ஏதோ ஒரு கேலரி வாசல்ல 'பெண் ஓவியர்கள் கண்காட்சி'ன்னு போர்டைப் பாத்து லேசா கடுப்பாகியிருக்கணும்னு நினைக்கறேன். தப்பே இல்ல, நானும் அப்படித்தான் இருந்தேன், அதுவும் பன்னெண்டு வருஷம். நான் படம் வரையறவ. பெரிய பேரெல்லாம் கிடையாது, வருஷத்துக்கு ரெண்டு குழுக் கண்காட்சி, விக்கறது ஒண்ணோ ரெண்டோ, அவ்வளவுதான். 'நீ யாரு இதைச் சொல்ல'ன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்காக இதை முதல்லயே ஒத்துக்கறேன்.

மார்ச் பொறக்கறதுக்கு முன்னாடியே போன் வந்துரும். "மேடம், மகளிர் தின ஷோ, ஒரு படம் குடுங்க." மாட்டேன்னுடுவேன். ஏன்னு கேட்டா அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் கதையை எடுத்து விடுவேன். 1943ல நியூயார்க்ல பெக்கி குக்கன்ஹைம் தன்னோட கேலரில 31 பெண்களை மட்டும் வெச்சு ஒரு கண்காட்சி நடத்தினாங்க, ஃப்ரீடா காலோ, லியனோரா காரிங்டன் எல்லாம் அதுல உண்டு. ஓகீஃபைக் கூப்பிட்டதுக்கு 'நான் பெண் ஓவியர் இல்ல'ன்னு வர மறுத்துட்டாங்கன்னு சொல்வாங்க. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், அதை சொல்லும்போது நானே ஓகீஃப் மாதிரி ஒரு நினைப்பு. ஓகீஃப் அதை சொல்லலாம், அவங்களுக்கு அப்பவே பேர் இருந்துச்சு. நான் எதை வெச்சு சொன்னேன்னு யோசிச்சா இப்ப சிரிப்புதான் வருது.

பொதுக் கண்காட்சில என்ன நடக்கும்னு சொல்றேன். பதினாலு பேர்ல நான் ஒருத்தி பொம்பளை. பக்கத்துல மாட்டியிருக்கறவர்கிட்ட வர்றவங்க 'இது ஆயிலா அக்ரிலிக்கா, எத்தனை நாள் ஆச்சு'ன்னு கேப்பாங்க. என்கிட்ட வந்தா 'வீட்ல சப்போர்ட் பண்றாங்களா, இதுக்கெல்லாம் டைம் எப்படி கிடைக்குது'. கெட்ட எண்ணத்துல இல்ல, நிஜமாவே அன்பாத்தான் கேப்பாங்க, அதனால கோவமும் பட முடியாது. படம் பாட்டுக்கு சுவத்துல தொங்கிட்டு இருக்கும், நான் என் குடும்ப நிலவரம் சொல்லிட்டு இருப்பேன்.

அப்புறம் ஒரு வருஷம் அந்த மார்ச் ஷோல சேந்தேன். கொள்கை மாறியெல்லாம் இல்ல. வேற ஒரு கண்காட்சிக்குன்னு வரைஞ்ச படம், அந்தக் கண்காட்சி கேன்சல் ஆயிடுச்சு, வீட்ல நாலடிக்கு மூணடி கேன்வாஸ் வழியை மறிச்சிட்டு நின்னுது, அதைத் தள்ளி விட்டா போதும்னு குடுத்துட்டேன். துருப்பிடிச்ச இரும்பு மடக்கு நாற்காலிகள் ஒண்ணு மேல ஒண்ணா சுவத்துல சாத்தி வெச்சிருக்கற படம். ஏன் நாற்காலின்னா அது அசையாது, மாடல் மாதிரி நடுவுல எழுந்து போகாது, வேற தத்துவமெல்லாம் கிடையாது.

திறப்பு விழா அன்னிக்கு போனா படத்துக்குப் பக்கத்துல இருக்கற லேபிள்ல 'திருமதி'ன்னு போட்டு, பின்னாடி வீட்டுக்காரர் இனிஷியலோட என் பேரு. நான் கையெழுத்துல கூட போடாத இனிஷியல், யார்கிட்ட கேட்டு போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. யாரும் பாக்காதப்ப நகத்தால அந்த 'திருமதி'யை சுரண்டினேன், 'தி' மட்டும் ஒட்டிட்டு வரவே இல்ல, அது இன்னும் அசிங்கமா ஆயிடுச்சு. அப்புறம் விளக்கேத்த வந்த விருந்தினர் என் படத்து முன்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு 'தாய்மையோட காத்திருப்பு'ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், வேற என்ன பண்றது. ஓகீஃப் சொன்னது கரெக்ட்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன்.

கூட்டம் கலைஞ்சப்புறம் ஒரு பெரியம்மா வந்தாங்க, எழுபது தாண்டியிருக்கும், அவங்க படமும் அங்க இருந்துச்சு. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு மூக்கு கேன்வாஸ்ல படற மாதிரி குனிஞ்சு பாத்தாங்க. "ஏம்மா, இந்தத் துருவுக்கு பர்ன்ட் சியன்னாவை அடியில போட்டியா, இல்ல சாம்பல் கலர் காஞ்சப்புறம் மேல தேச்சியா?" எனக்கு ஒரு நிமிஷம் பதிலே வரல. இத்தனை வருஷத்துல ஒருத்தர் என்கிட்ட பெயிண்ட்டைப் பத்திக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடியிலதான் போட்டேன், அது நல்லா காஞ்சதும் மேல சாம்பல் கலரை அடிச்சு, ஈரம் போறதுக்குள்ள காலாவதியான ஏடிஎம் கார்டால சுரண்டினேன்னு சொன்னேன். "அதான். கீறல் எல்லாம் ஒரே பக்கமா போகுது பாரு. துரு அப்படிப் பிடிக்காதும்மா, தண்ணி எங்க தேங்குமோ அங்கதான் பிடிக்கும்." சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அவங்க சொன்னது சரி.

அந்த அறைல இருபத்திரெண்டு பேர், எல்லாரும் பெண்கள், அதனாலயே யாரும் 'அந்த லேடி ஆர்ட்டிஸ்ட்' கிடையாது. நான் 'நாற்காலி வரையறவங்க', இன்னொருத்தர் 'அந்த நீலம்', பெரியம்மா 'பெரிய பிரஷ்'. 'வீட்ல சப்போர்ட்டா'ன்னு ஒருத்தரும் ஒருத்தரைக் கேக்கல, பதில் எல்லாருக்கும் தெரியும். வெளியில இருந்து பாத்தா பெண்ணுன்னு முத்திரை குத்தற மாதிரி இருக்கற இடத்துலதான் எனக்கு அந்த முத்திரை கழண்டு விழுந்துச்சு. மத்தவங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம், நான் என் அனுபவத்தை மட்டும் சொல்றேன்.

இப்ப அந்த 'திறமை இருந்தா'. திறமை இருக்குன்னு தெரியணும்னா யாராவது படத்தைப் பாக்கணும், பேரைப் படிக்கணும். 17ஆம் நூற்றாண்டுல ஹாலந்துல ஜூடித் லெய்ஸ்டர்னு ஒருத்தர். அவங்க படங்களை ஃப்ரான்ஸ் ஹால்ஸ்ங்கற பிரபல ஆண் ஓவியர் வரைஞ்சதுன்னே ரொம்ப காலம் வித்தாங்க, மாட்டினாங்க, புகழ்ந்தாங்க. 1893ல பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல ஹால்ஸ் பேர்ல இருந்த ஒரு படத்துல ஒரு ஆராய்ச்சியாளர் ஜே, எல் ரெண்டு எழுத்தும் ஒரு சின்ன நட்சத்திரமும் இருக்கறதைக் கண்டுபிடிச்சார். லெய்ஸ்டர்ன்னா வழிகாட்டும் நட்சத்திரம்னு அர்த்தம், அதான் அவங்க கையெழுத்து. கையெழுத்து போட்டும் கண்ணுல படல! சரியா நூறு வருஷம் கழிச்சு 1993ல அவங்க ஊர் ஹார்லெம்ல அவங்களுக்குன்னு ஒரு கண்காட்சி, நடந்த இடம் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் பேர்ல இருக்கற மியூசியம். இதை எங்க போய் சொல்றது.

பயிற்சியே குடுக்காம திறமையைத் தேடற கூத்தும் உண்டு. 1768ல லண்டன்ல ராயல் அகாடமிங்கற கலை அமைப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர்னு ரெண்டு பெண்கள். அந்த உறுப்பினர்களை சேத்து ஜோஹன் ஜோஃபனி ஒரு படம் வரைஞ்சார், ஆண்கள் நிர்வாண மாடலை சுத்தி இருக்காங்க. பெண்கள் அந்த மாதிரி வகுப்புல நிக்கக்கூடாதே, அதனால இவங்க ரெண்டு பேரையும் சுவத்துல தொங்கற படமா வரைஞ்சுட்டார். உடம்பு வரையக் கத்துக்காம அந்தக் காலத்துல மதிப்பா இருந்த பெரிய புராண, சரித்திர ஓவியமெல்லாம் வரைய முடியாது. அந்த அகாடமில அடுத்து ஒரு பெண் முழு உறுப்பினரா தேர்வானது 1936ல, லாரா நைட். 1989ல கெரில்லா கேர்ள்ஸ்ங்கற பெண் கலைஞர்கள் குழு நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குள்ள போய் எண்ணிப் பாத்து போஸ்டரே போட்டாங்க: நவீன ஓவியப் பகுதில பெண் ஓவியர்கள் 5 சதவீதத்துக்கும் கம்மி, நிர்வாணப் படங்கள்ல இருக்கறது மட்டும் 85 சதவீதம் பெண்கள். 1819ல திறந்த மேட்ரிட் பிராடோ மியூசியம் ஒரு பெண் ஓவியருக்குன்னு முதல்முதலா கண்காட்சி வெச்சது 2016ல, கிளாரா பீட்டர்ஸுக்கு. அவங்க மேஜை மேல இருக்கற பண்டங்களை வரைவாங்க, கோப்பையோட பளபளப்புலயும் கூஜா மூடிலயும் உத்துப் பாத்தா தம்மாத்துண்டா அவங்க முகம் தெரியும், சிலதுல கைல பிரஷ்ஷோட. பக்கத்துல போய் பாக்க ஆள் இருந்தாத்தான் அதெல்லாம் தெரியும்.

சம்பந்தமில்லாம ஒண்ணு, வாயில வந்துருச்சு சொல்லிடறேன். தெரிஞ்சவங்க யாராவது ரிட்டயர் ஆனா எனக்கு வாட்சாப்ல ஒரு போட்டோ வரும், பாதி முகம் இருட்டு, காதுக்குப் பக்கத்துல வேற யாரோ கை, "உனக்கு அரை மணி நேர வேலைதானே, ஒரு போர்ட்ரெய்ட் போட்டுக் குடு"ம்பாங்க. கேன்வாஸ் காசு கூட கேக்கக்கூடாது, கேட்டா முகம் தூக்கிக்குவாங்க. தச்சர்கிட்ட போய் அரை மணி நேரத்துல ஓசில ஒரு கட்டில் கேப்பாங்களா?

சரி. தனிக் கண்காட்சி எல்லாமே ஒசத்தின்னு நான் சொல்லல. ரோஸ் கலர் பேனர், 'பெண்மையின் வண்ணங்கள்'னு தலைப்பு, பூங்கொத்து, இதெல்லாம் இன்னிக்கும் எனக்கு அலர்ஜிதான். மியூசியங்கள் தன் கோடவுன்ல கிடந்த படத்தைத் துடைச்சு, யார் வரைஞ்சதுன்னு ஆராய்ஞ்சு, ஒழுங்கா கேட்டலாக் போட்டு வைக்கறது வேற, மார்ச்சுக்கு மார்ச் போன் பண்றது வேற. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

இந்த வருஷம் நானே படம் குடுத்தேன், மறுபடியும் நாற்காலிதான், கீறலை தண்ணி தேங்கற இடமா பாத்து போட்டேன். லேபிள்ல திருமதி போடக்கூடாதுன்னு மூணு தடவை சொல்லியிருந்தேன். போடல. 'செல்வி'ன்னு போட்டிருந்தாங்க. எனக்கு வயசு நாப்பத்தாறு.