உயரம் இறக்கின பழைய ட்ரக்ல ஸ்டீயரிங் இடிக்குதா? எப்படி இறக்கினீங்கன்னு முதல்ல பாருங்க

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "என்கிட்ட 1950 செவ்ரொலே 3100 பிக்கப் இருக்கு. முன்னாடி 4 இன்ச் டிராப் ஆக்ஸில் (முனைகள விட நடுப்பகுதி தாழ்ந்த ஆக்ஸில்) போட்டேன், அதுவும் பத்தலைன்னு லீஃப் ஸ்பிரிங்ல ரெண்டு பட்டைய உருவிட்டேன், அகலமான வீலும் மாட்டியாச்சு. இப்போ இடது பக்கம் ஃபுல்லா ஒடிச்சா டயர் டிராக் லிங்க்ல (ஸ்டீயரிங் பாக்ஸோட அசைவ வீலுக்கு கொண்டு போற ராட்) உரசுது, பள்ளத்துல விழுந்தா டை ராட் (ரெண்டு முன் வீலையும் இணைக்கிற ராட்) எதுலயோ டக்குனு அடிக்குது, மேடு பள்ளத்துல ஸ்டீயரிங் தானா இழுக்குது. டை ராடை சூடு பண்ணி வளைச்சுக்கலாமா?"

வளைக்காதீங்க, தயவுசெஞ்சு. டை ராட் நேரா இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு பலம், வளைச்சுட்டா பிரேக் பிடிக்கும்போதும் குழியில இறங்கும்போதும் வில்லு மாதிரி நெளியும், அந்த நேரத்துல ரெண்டு வீலும் ஒரே திசைய பாக்காது. அதோட ரெண்டு முனையிலயும் பால் ஜாயிண்ட் இருக்கிறதால ராட் உருளும், நீங்க கீழ பாத்து விட்ட வளைவு ஓடுற வண்டில வேற பக்கம் திரும்பி இன்னொரு இடத்துல போய் இடிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீங்க ரெண்டு விதமா இறக்கியிருக்கீங்க, ரெண்டும் ரெண்டு வேற வேற பிரச்சனைய கொண்டு வரும். டிராப் ஆக்ஸில்ல ஸ்பிண்டில் (வீல் மாட்டியிருக்கிற, திரும்புற முனை) பழைய உயரத்துலயே நிக்கும், ஆக்ஸிலோட நடுப்பகுதி, அதுமேல இருக்கிற ஸ்பிரிங், சேஸிஸ் எல்லாம் சேந்து 4 இன்ச் கீழ வரும். டை ராட் ஸ்பிண்டிலோட ஆர்ம்ல தொங்குற சாமான், அதனால அது இறங்காது, ஸ்பிரிங்தான் இறங்கி வந்து அது மேல உக்காரும். ஆனா ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இதுல குறையவே குறையாது. பட்டைய உருவினா கதை தலைகீழ், டை ராடுக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், சேஸிஸும் இன்ஜினோட ஆயில் பேனும் ஆக்ஸில நெருங்கி வரும்.

அதனால நின்ன இடத்துலயே ஸ்டீயரிங்க ஒடிக்கும்போது இடிச்சா அது டிராப் ஆக்ஸிலோட வேலை. பள்ளத்துல மட்டும் இடிச்சா அது உருவின பட்டையோட வேலை. நீங்க சொல்ற டக் சத்தம் ரெண்டாவது ரகம், முதல்ல உருவின பட்டையில ஒண்ணையாவது திரும்ப போடுங்கன்னுதான் நான் சொல்வேன், உயரம் கொஞ்சம் ஏறும், பரவாயில்ல. கூடவே பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கான்னு பாருங்க, டை ராட் எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஆக்ஸில் அந்த ரப்பர்ல போய் நிக்கணும்.

எங்க இடிக்குதுன்னு கண்ணால யூகிக்க வேண்டாம். வண்டிய கெட்டியான ஸ்டாண்டுல ஏத்தி, ஸ்பிரிங்ல மெயின் பட்டைய மட்டும் விட்டுட்டு மத்தத கழட்டுங்க, அப்போ ஆக்ஸிலுக்கு அடியில ஜாக்கிய வச்சு பம்ப் ஸ்டாப் வரைக்கும் லேசா ஏத்தி இறக்கலாம். சந்தேகமான இடத்துலெல்லாம் பசங்க விளையாடுற களிமண்ண ஒட்டி வச்சு, மேல, நடுவுல, கீழ மூணு உயரத்துலயும் ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சு பாருங்க. களிமண் எங்க நசுங்கி எவ்வளவு மெலிஞ்சிருக்கோ அதுதான் உங்க உண்மையான கிளியரன்ஸ். நான் அரை இன்ச்சுக்கு குறைஞ்சா ஒத்துக்க மாட்டேன், ஏன்னா ஓடுற வண்டில ரப்பர், புஷ் எல்லாமே கொஞ்சம் நசுங்கும்.

டை ராட் ஸ்பிரிங்கையே தொடுதுன்னு தெரிஞ்சா அதுக்கு சரியான வைத்தியம் டிராப் ஸ்டீயரிங் ஆர்ம், அதாவது டை ராடோட முனைய கீழ இறக்கிக் குடுக்கிற மாதிரி செஞ்ச ஆர்ம். வாங்கும்போது ஒண்ண கவனிங்க, கிங் பின்ல (ஸ்பிண்டில் திரும்புற அச்சு) இருந்து டை ராட் ஓட்டை வழியா கோடு இழுத்தா அது பின் ஆக்ஸிலோட நடுவ நோக்கி போகணும், ஓட்டை அந்த கோட்ட விட்டு தள்ளிப்போனா திருப்பத்துல டயர் தேஞ்சுக்கிட்டே இருக்கும். பழைய ஆர்மையே சூடாக்கி வளைக்கிறவங்க உண்டு, வார்ப்பு இரும்பா இருந்தா அது நிச்சயமா கூடாது, ஃபோர்ஜ் பண்ணதா இருந்தாலும் அது தெரிஞ்ச கைதான் செய்யணும், செஞ்சப்புறம் காந்தப்பொடி போட்டு விரிசல் பாக்காம மாட்டக் கூடாது. டை ராட் எண்ட (முனையில இருக்கிற ஜாயிண்ட்ட) ஆர்மோட அடுத்த பக்கம் மாத்தி மாட்டலாமேன்னு தோணும், ஆனா அந்த ஓட்டை கூம்பு வடிவம், ஒரு பக்கம்தான் பொருந்தும், டிரில் போட்டு நேர் ஓட்டையாக்கி மாட்டினா ஒரு நாள் ஸ்டட் ஒடஞ்சு வீல் தன்னிஷ்டத்துக்கு திரும்பிடும்.

தானா இழுக்கிறது டிராக் லிங்க்கால. பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸ்ல இருந்து லிங்க்க அசைக்கிற கை) சேஸிஸோட சேந்து இறங்கிடுச்சு, ஸ்பிண்டில் பக்க முனை அதே உயரத்துல நிக்குது, அதனால லிங்க் சாஞ்சு கிடக்கு, ஆக்ஸில் மேல போகப்போக அது ஸ்பிண்டில தள்ளவோ இழுக்கவோ செய்யுது. ஒத்த ஆக்ஸில்ல டோ (ரெண்டு வீலும் ஒண்ணுக்கொண்ணு உள்ள, வெளிய பாக்கிற கோணம்) மாறாது, ரெண்டு வீலும் சேந்தே திரும்பும், அதான் ஸ்டீயரிங் கையில இழுக்குது. டிராக் லிங்க் சேர்ற ஆர்மையும் இறக்கி, லிங்க்க பழைய சாய்வுக்கு பக்கத்துல கொண்டு வரணும். ஸ்டீயரிங் வீல கட்டி வச்சுட்டு ஜாக்கிய ஏத்தி இறக்கினா டயர் திரும்புதா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

டயர் உரசுறது பெரும்பாலும் வீலோட குத்தம்தான். இடது பக்கம் ஒடிக்கும்போது இடது டயரோட பின்பக்கம் உள்ள வரும், ரிம் உள்பக்கம் அதிகமா நீட்டிக்கிட்டு இருந்தா அது நேரா லிங்க்ல போய் மாட்டும். வீலோட உள் விளிம்புல நேர்க்கட்டைய வச்சு ஹப்ல உக்காரும் முகம் வரைக்கும் அளந்து, அந்த அளவு குறைவா இருக்கிற வீல் இல்லன்னா ஒல்லியான டயர் பாருங்க. இவ்வளவும் முடிச்ச பிறகுதான் ஸ்பிண்டில்ல ஸ்டீயரிங் ஸ்டாப்ப செட் பண்ணணும், டயர் தொடுறதுக்கு முன்னாடி ஸ்டாப் நிறுத்தணும், ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் உள்ள போய் முட்டி நிக்கிற மாதிரி விட்டா பாக்ஸ் போயிடும்.

இன்னொண்ணு, முன்பக்கம் பின்பக்கத்த விட தாழ்ந்தா காஸ்டர் (கிங் பின் பின்னாடி சாஞ்சிருக்கிற கோணம்) குறையும். 3100க்கு வீல்பேஸ் 116 இன்ச், அதனால ஒவ்வொரு இன்ச் வித்தியாசத்துக்கும் சுமார் அரை டிகிரி போயிடும், ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு போட்டு அத திரும்ப எடுக்கலாம். ஆப்பு போட்டா ஆர்ம் எல்லாம் கொஞ்சம் திரும்பும், அதனால களிமண் வச்சு மறுபடியும் ஒரு தடவை பாத்துடுங்க, ஃபுல்லா ஒடிச்சு வீல் தொங்குற நிலைல பிரேக் ஹோஸ் விறைச்சு நிக்குதான்னும் அப்பவே கையால தொட்டு பாத்துக்கோங்க.