லா கூர்னேவிலிருந்து பாந்தேனுக்கு சைக்கிளில் போகலாமா?

தம்பி, வீராம்பட்டினம் ஆடித் தேர் பார்த்துவிட்டு இப்போதுதான் அரியாங்குப்பத்து வீட்டுக்குத் திரும்பினேன். உங்கள் கேள்வியைப் படித்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பிரான்சுக்கு வந்து நாலு மாதம், பாரிஸ் பக்கத்தில் லா கூர்னேவில் அறை, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாந்தேன் ஊரில் வேலை. கடன் வாங்கிக் கார் எடுப்பதா, சைக்கிளில் போனால் குளிர் தாங்குமா, ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே லா கூர்னேவிலிருந்து அதே பாந்தேனுக்கு 2019 டிசம்பரிலிருந்து நான் சைக்கிளில் போய் வருகிறேன். தாராளமாகப் போகலாம். கார் இப்போது வேண்டாம்.

காருக்குப் பணம் மட்டும் போதாது. கடலூரில் எடுத்த லைசன்ஸ் அங்கே ஒரு வருஷம்தான் செல்லும். இந்திய லைசன்ஸை பிரெஞ்சு லைசன்ஸாக மாற்றித் தர மாட்டார்கள். முதலிலிருந்து படிக்க வேண்டும்: எழுத்துத் தேர்வில் 40 கேள்விக்கு 35 சரியாக இருக்க வேண்டும், அப்புறம் கியர் வண்டி என்றால் குறைந்தது 20 மணி நேரம் பயிற்சி. எல்லாம் சேர்த்தால் ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடும். பிரெஞ்சு நன்றாகப் பிடிபட்ட பிறகு நிதானமாக எழுதுங்கள்.

நானும் விரும்பி ஆரம்பிக்கவில்லை. 2019 டிசம்பர் 5-ஆம் தேதி ஓய்வூதியப் பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் தொடங்கியது. வாரக்கணக்கில் மெட்ரோ சரியாக ஓடவில்லை. நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில், காலை 7 மணி ஷிப்ட். நான் போகாவிட்டால் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைக் கேட்டு வாங்கிப் போனேன். மூன்றாம் நாள் தொடையெல்லாம் வலி. இரண்டாவது வாரம் வலி போய்விட்டது, தூக்கம் நன்றாக வந்தது. மெட்ரோ திரும்ப ஓடியபோது எனக்கு அதில் ஏற மனம் வரவில்லை.

வழியைச் சொல்கிறேன். ஓபர்வில்லியே பக்கம் போய் சேன்-தெனி கால்வாயைப் பிடியுங்கள். 1821-இல் திறந்த பழைய கால்வாய், இன்றும் சரக்குப் படகு போகும். கரையோடு லா வில்லெத் வரை வந்தால் அங்கே ‘ஊர்க்’ (Ourcq) என்ற இன்னொரு கால்வாய் சேரும். இடது பக்கம் திரும்பி அதன் கரையோடு போனால் பாந்தேன். மொத்தம் எட்டு கிலோமீட்டர் போல வரும், எனக்கு முப்பத்தைந்து நிமிஷம். மெயின் ரோடு இதைவிடக் கிட்டம்தான். ஆனால் வெளிச்சம் இருக்கும்போது நான் கால்வாயை விடமாட்டேன். இருட்டில் மட்டும் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. டிசம்பரில் சூரியன் எழ எட்டரை மணிக்கு மேல் ஆகிவிடும், மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டு. அந்த மாதங்களில் காத்ர் ஷெமேன் என்ற சந்திப்பு வழியாக மெயின் ரோட்டிலேயே போகிறேன்.

ரோட்டில் என்றால் ஒன்றை மறக்கவே கூடாது. நாம் இடது பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், தலை தானாகத் தப்பான பக்கம் திரும்பும். பெரிய லாரியின் வலது பக்கத்தில் நுழையாதீர்கள். அது வலப்புறம் திரும்பும்போது டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். கனரக வண்டிகளில் இதை எச்சரித்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 2021-லிருந்து அது கட்டாயம். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை, சின்னச் சந்திலிருந்து வந்தாலும். போனைக் கையில் பிடித்தாலோ காதில் இயர்போன் இருந்தாலோ 135 யூரோ அபராதம். முன்னும் பின்னும் விளக்கு, மணி கட்டாயம். ஹெல்மெட் பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

குளிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மிதிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் உடம்பு சூடாகிவிடும். விரல்தான் மரத்துப்போகும், அதனால் கையுறையில் மிச்சம் பிடிக்காதீர்கள். என்னைத் தொந்தரவு செய்வது மழைதான். நவம்பரில் ஈர இலை மேல் பிரேக் பிடித்து ஒருமுறை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். உறைபனி நாளில் வீம்பு வேண்டாம், மெட்ரோவில் போங்கள். மெட்ரோவுக்கான மாத நவிகோ அட்டையின் விலையில் பாதியை முதலாளி தரவேண்டும் என்பது சட்டம். சைக்கிளுக்கும் சில முதலாளிகள் பணம் தருகிறார்கள், கட்டாயம் இல்லை. உங்கள் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

பூட்டு விஷயத்தில் நான் அழுதிருக்கிறேன். 120 யூரோவுக்கு வாங்கிய முதல் சைக்கிளின் முன்சக்கரத்தை மட்டும் கேபிளால் கட்டிவிட்டு ஒரு கடைக்குள் போனேன். வெளியே வந்தபோது சக்கரமும் கேபிளும்தான் கம்பத்தில் இருந்தன. U வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். கடையில் வாங்கும் சைக்கிளில் அடையாள எண் இருக்கும். அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊரில் சிரிக்கிறார்கள் என்றீர்களே, அது எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் அப்பா புதுச்சேரி ரோடியர் துணி மில்லில் வேலை பார்த்தவர். சங்கு ஊதுவதற்குள் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி முதலியார்பேட்டைக்கு மிதித்துவிடுவார், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆடும். ஷிப்ட் மாறும் நேரம் கடலூர் ரோடு முழுக்க சைக்கிள்தான். அப்புறம் வீட்டுக்கு வீடு பைக் வந்தது, சைக்கிளை விட்டவர்தான் முன்னேறியவர் என்று ஆகிவிட்டது. அதனால்தான் அம்மா போனில் “பிரான்சுக்குப் போயும் சைக்கிளா?” என்று அழுதார். எங்கள் இல்லத்துக்கு வரும் டாக்டரம்மா சைக்கிளில் வந்து இறங்குவதை வீடியோவில் காட்டினேன். அதற்கப்புறம் அம்மா கேட்பதெல்லாம் “கையுறை போட்டியா?” என்பதுதான்.

வேலை நாளில் முதல்முறையாகக் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாமல் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் நான் திரும்பிவிடுவேன். வேண்டுமானால் சேர்ந்தே போகலாம், காலை 8 மணிக்குக் கால்வாய்க் கரையில் நிற்கிறேன். சைக்கிள் வாங்குவதாக இருந்தால் வாங்கும் முன்பு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், பிரேக்கையும் செயினையும் பார்த்துச் சொல்கிறேன்.