காசா, பட்டன் பேட்டரியா? எக்ஸ்ரே பற்றிய கேள்வி பதில்

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் மருத்துவன் நான். அவசரமான கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கே: இரண்டு வயது மகன் வட்டமாக எதையோ விழுங்கிவிட்டான். காசாகத்தான் இருக்கும், மலத்தோடு வந்துவிடும் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

ப: வேண்டாம் அம்மா, இப்போதே கிளம்புங்கள். காசுதான் என்று கண்ணால் பார்த்தவர் யார்? பட்டன் பேட்டரியாகவும் இருக்கலாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் சிஆர்2032 என்ற தட்டையான பட்டன் பேட்டரி 20 மி.மீ. அகலம். புது ஒரு ரூபாய்க் காசும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரியில் எச்சில் பட்டதும் மின்னோட்டம் ஓடி, அந்த இடத்தில் சதையை அரிக்கும் காரம் (ஆல்கலி) உருவாகும். 2 மணி நேரத்துக்குள் சதை வெந்துவிடும்.

படத்தில் காசு முழு வெள்ளை வட்டமாகத் தெரியும். பேட்டரி என்றால் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு மெல்லிய வளையம் ஓடும். பக்கவாட்டில் எடுத்தால் ஓரத்தில் சின்னப் படி தெரியும். அந்த வளையத்துக்காகவே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றை மட்டும் எடுத்தால் நெஞ்சில் நிற்பது தப்பிவிடும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பேட்டரி என்ற சந்தேகம் இருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், பிள்ளையால் விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். 6 தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேன் தேடி நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம்.

கே: மீன் முள் குத்துகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். வலி போகவில்லையே?

ப: உங்கள் வலியை நம்புங்கள். மீன் முள், பிளாஸ்டிக், மரக்குச்சி எல்லாம் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. முள்ளை சிடி ஸ்கேன் நன்றாகவே காட்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சோற்று உருண்டையை விழுங்கி முள்ளைத் தள்ளப் பார்க்காதீர்கள், ஆழமாக இறங்கிவிடும்.

கே: மகள் இரண்டு காந்த உருண்டைகளை விழுங்கிவிட்டாள். எம்ஆர்ஐ எடுத்தால் தெளிவாகத் தெரியுமா?

ப: எம்ஆர்ஐ கூடவே கூடாது. அந்தக் கருவியே பெரிய காந்தம். உள்ளே இருப்பதை இழுத்து அசைத்துவிடும். எக்ஸ்ரே போதும், ஆனால் இன்றே எடுக்க வேண்டும். குடலின் இரண்டு மடிப்புகளில் ஆளுக்கொன்றாக நின்று ஒன்றையொன்று இழுத்தால், நடுவில் நசுங்கும் குடல் ஓட்டையாகிவிடும். ஒட்டிக்கொண்ட இரண்டு ஒன்றாகத் தெரியக்கூடும் என்பதால் பக்கவாட்டுப் படமும் கேளுங்கள்.

கே: காசு இரைப்பைக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். தினமும் எக்ஸ்ரே எடுக்கணுமா?

ப: வேண்டியதில்லை. இரைப்பைக்கு வந்த காசு பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். மலத்தைக் கவனித்து வாருங்கள். வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் உடனே போங்கள். முதலில் எடுத்த படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். காசு நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.