கோயிலில் பிரசங்கம் நீளமாகவும் சலிப்பாகவும் இருக்கும்போது தூங்காமல் இருப்பது எப்படி?

கேட்டவருக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை நள்ளிரவு வரை கைபேசி. ஞாயிறு காலையில் அம்மா எழுப்பி, கிறிஸ்தவக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, அனுப்பிவிடுகிறார். ஆராதனையில் இரண்டாம் வேதபாடம் வாசித்து முடிப்பதற்குள் கண் சொக்குகிறது, பக்கத்தில் இருக்கும் சித்தப்பா முழங்கையால் இடிக்கிறார். வெளியே சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் பெயரை மறைத்துக் கேட்டிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சலிப்பு வேறு, தூக்கம் வேறு. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால்தான் அது குறையும். நல்ல தூக்கம் போட்டுவிட்டு வந்தவருக்குச் சலிப்பான பேச்சைக் கேட்டால் எரிச்சல் வரும், மனம் வேறெங்கோ போகும், ஆனால் தலை சாயாது. தலை சாய்கிறது என்றால் தூக்கம் ஏற்கெனவே உடம்பில் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதை மறைத்துவைக்கும் வேலையைச் சலிப்பான பிரசங்கம் செய்வதில்லை, அவ்வளவுதான். நம் ஆட்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, தூங்குகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது.

என் அப்பா பனையேறி. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டு ஓரம் எங்கள் ஊர். பங்குனி, சித்திரை என்றால் பதனீர் நன்றாகச் சுரக்கும் காலம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்துக் காலத்தின் கடைசி வாரங்களும் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் அந்தச் சமயத்தில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள்தானே, மரம் ஏறாமல் இருக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்குப் பனையைத் தெரியாது. பதனீர் சுரக்கும் பூந்தண்டான பாளையை நாள் தவறாமல் சீவிவிட வேண்டும். விட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அந்த வருஷத்துக்கு அந்தப் பாளை போச்சு. பதனீரும் காத்திருக்காது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் இறக்கிக் காய்ச்சியாக வேண்டும். அதனால் அப்பா கோழி கூப்பிடும் முன்பே, மரம் ஏறக் காலில் மாட்டும் தளைநாரும் அரிவாள்பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். மரம் மரமாக ஏறி இறங்கி, பதனீரை அம்மாவிடம் சேர்த்துவிட்டு, கிணற்றில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இரண்டாம் மணி அடிக்கும்போது கோயிலில் இருப்பார். ஒரு ஞாயிறு தவறியதில்லை.

ஆனால் ஐயர் வரத் தாமதமாகும். சபைப் போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பொறுப்பில் இருக்கும் வட்டாரமான ஒரு சேகரத்துக்குள் பல சபைகள். முதல் இரண்டு ஊரில் ஆராதனை முடித்துவிட்டு அவர் எங்கள் ஊருக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும். பிரசங்கம் தொடங்கும்போது நண்பகல் ஆகிவிடும். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், வாக்கியம், அதாவது பிரசங்கத்துக்கு ஆதாரமான வசனம், எடுத்துச் சொல்லும் வரை விழித்திருப்பார். அதற்கு மேல் உடம்பு கேட்காது.

ஒரு லெந்து ஞாயிறு, கெத்செமனே தோட்டம் பற்றிப் பிரசங்கம். “நீங்கள் ஒருமணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக் கூடாதா?” என்று தூங்கிவிட்ட சீஷர்களிடம் இயேசு கேட்ட வாக்கியம். அதைச் சொல்லிக்கொண்டே வந்த ஐயர் நிறுத்தினார். “அந்தத் தூணில் சாய்ந்திருக்கிறவர் எழும்பி நிற்கட்டும்” என்றார். பக்கத்தில் இருந்தவர் தொட்டு எழுப்ப, அப்பா எழுந்து கைகட்டி நின்றார். உட்காரச் சொல்லுவார் என்று பார்த்தோம், சொல்லவே இல்லை. பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கும் வரை நின்றார். நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் என் கண்ணுக்கு நேரே அவருடைய கால்தான் தெரிந்தது. தளைநார் உரசி உரசிப் பாதத்தின் மேல்பக்கம் கறுத்துக் காய்த்துப்போன தடம். பாளை சீவிய அதிகாலையின் சுண்ணாம்பு, குளித்த பிறகும் நக இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சின்னப் பையன்கள் சிரித்தார்கள். பெரியவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் ராத்திரி ஜெபத்தில் மத்தேயு 26-ஐ என்னை வாசிக்கச் சொன்னாள். 40-ம் வசனம் வந்ததும் நிறுத்திவிடப் பார்த்தேன். “ஏலே, ஐயர் நிறுத்தின இடத்துல நீயும் நிறுத்தாத, மேல வாசி” என்றாள். அடுத்த வசனத்தில், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்கிறார் இயேசு. 45-ல், இனி நித்திரைபண்ணி இளைப்பாறுங்கள் என்கிறார். லூக்கா இன்னும் ஒரு படி மேலே போய், சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று காரணமே எழுதிவைத்திருக்கிறார். அம்மா ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். அந்தப் பிரசங்கத்தில் விடுபட்டதை அவள் கண்டுபிடித்தாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கோயிலிலிருந்து திரும்பியதும், “வாக்கியம் எங்க எடுத்தாவ? அதுக்கு முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்கு?” என்று அம்மா கேட்பாள். பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோக ஆரம்பித்தேன். இன்றுவரை கொண்டுபோகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உருப்படியான பதில் இதுதான். பிரசங்கியார் சரியாகப் பேசவில்லையா, அவர் எடுத்த வசனத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கீழும் வாசியுங்கள், ஒத்த வசனங்களைப் பிடித்துப் போங்கள், தோன்றுவதை எழுதுங்கள். கையும் கண்ணும் வேலை செய்யும்போது தூக்கம் அவ்வளவு சுலபமாக வராது. அல்மனாக்கில், அதாவது சபை நாட்காட்டியில், அந்த வாரத்து வேதபாடங்கள் போட்டிருக்கும். சனிக்கிழமையே ஒருமுறை வாசித்துவிட்டால், மறுநாள் என்ன சொல்லப்போகிறார் என்று காது தானாகவே கூர்மையாகும். கைபேசி வேதாகமம் இதற்கு உதவாது, நடுவில் ஏதாவது செய்தி வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். அச்சுப் புத்தகமே நல்லது.

இதை வாசித்துவிட்டு, ஐயர்மாரைக் குறை சொல்கிறான் என்று யாராவது கீழே எழுத வருவார்கள். அப்படி இல்லை. ஒரு வாரத்தில் இரண்டு அடக்க ஆராதனை, ஒரு கல்யாணம், கமிட்டிச் சண்டை எல்லாம் பார்த்துவிட்டுப் பிரசங்கமும் தயாரிக்கிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். அருமையான பிரசங்கங்கள் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். களைத்தவனைச் சபை நடுவில் எழுப்பி நிறுத்துவதை மட்டும்தான் எதிர்க்கிறேன். அப்போஸ்தலர் 20-ல் துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசுகிறார். மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்தன என்று எழுதியிருக்கிறது, காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜன்னலில் இருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். பவுல் திட்டவில்லை. இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொள்கிறார். அப்புறம் மேலே வந்து விடியும் வரை பேசுகிறார். என் வகுப்பில் மதியம் கண் சொக்கும் பிள்ளைகளை நான் எழுப்பி நிறுத்துவதில்லை. முகம் கழுவிவிட்டு வா என்று அனுப்புவேன். காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிற பையன்கள் அவர்களில் உண்டு.

பனையைப் பற்றி எடுத்துவிட்டதால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. இப்போது கடைகளில் கருப்பட்டி என்று விற்பதில் எவ்வளவு சீனிப்பாகு! உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனாலும் கலப்படம் நின்றபாடில்லை. சீனியை ஊற்றிக் காய்ச்சி, சிரட்டையில் வார்த்து, அசலின் பாதி விலைக்குக் கொடுத்தால் மரம் ஏறுகிறவன் எப்படிப் பிழைப்பான்? பனை நமது மாநில மரம் என்று பாடம் நடத்துகிறேன். அதில் ஏற ஆள் இல்லாமல் போனதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. பண்டிகைக்குக் கருப்பட்டி வாங்குகிறவர்கள் தெரிந்த பனையேறியிடம் நேரடியாக வாங்குங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நோட்டு தவிர உடம்புக்கும் சில காரியங்கள் செய்யலாம். சனிக்கிழமை இரவு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே படுங்கள், வேறு எதைவிடவும் இது உதவும். காபி குடிக்கிறவர் என்றால் பிரசங்கத்துக்கு அரைமணி, முக்கால் மணி முன்பு உள்ளே போயிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காபியில் இருக்கும் கஃபீன் அடினோசினை மறித்துத்தான் வேலை செய்கிறது, அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காலைச் சாப்பாட்டைக் குறையுங்கள். ஜன்னல் ஓரம் உட்காருங்கள், மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், சுகமாகிவிடும். அப்படியும் முடியவில்லை என்றால் எழுந்துபோய்ப் பின்சுவர் ஓரம் நில்லுங்கள். யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காதீர்கள்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு மட்டும் தனி ஆயத்தம் வேண்டும். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, அதுவும் உபவாசத்தோடு. மதியம் இரண்டு மணியை ஒட்டி உடம்பே கொஞ்சம் மந்தப்படும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் பல கோயில்களில் ஏழு பேர் பேசுவார்கள், எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது. நான் முந்தின நாளே நோட்டில் ஏழு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஒரு வார்த்தை எழுதிவிடுவேன். லூக்காவிலிருந்து 3, யோவானிலிருந்து 3, மத்தேயுவிலும் மாற்கிலும் இருப்பது 1. ஒவ்வொருவர் பேசும்போதும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியாவது எழுதியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வேன். நடுவில் வரும் பாட்டுகளை உட்கார்ந்து முணுமுணுக்காமல் எழுந்து நின்று வாய் திறந்து பாடுவேன். நான்காம் வார்த்தையைத் தாண்டிவிட்டால் மீதி மூன்றும் சிரமமில்லாமல் போய்விடும்.