முழு ஹாம் வேகவைப்பதும் மிச்சத்தைத் தீர்ப்பதும்: கேள்வி பதில்

கேள்வி: எலும்போடு 5 கிலோ ஹாம் வாங்கியிருக்கிறேன். ஒருவர் மூன்று மணி நேரம் போதும் என்கிறார், இன்னொருவர் ஐந்து மணி நேரம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: முதலில் உறையைப் படியுங்கள். ஹாம், அதாவது பன்றியின் பின்தொடை, மூன்று விதமாகக் கைக்கு வரும். "முழுவதும் வெந்தது" என்று போட்டிருந்தால் அது சாப்பிடத் தயார், நீங்கள் செய்யப்போவது சூடாக்குவது மட்டும்தான். "சமைத்து உண்ணவும்" என்றால் உப்பு ஏறியிருக்கிறது, ஆனால் வேகவில்லை. உப்பே ஏறாத பச்சைத் தொடை மூன்றாவது ரகம்.

ஓவன் மூன்றுக்கும் 160 டிகிரி செல்சியஸ். வெந்த ஹாமுக்குக் கிலோவுக்கு 33 முதல் 40 நிமிடம், வேகாத உப்பு ஹாமுக்கு 40 முதல் 44, பச்சைத் தொடைக்கு 48 முதல் 57. உங்கள் 5 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் வெந்தது மூன்று மணியை ஒட்டி முடியும். பச்சைத் தொடை ஐந்து மணியை நெருங்கும். உங்களிடம் சொன்ன இருவரும் வேறு வேறு ஹாமைச் சமைத்திருப்பார்கள்.

ஆனாலும் கடிகாரம் உத்தேசம்தான், முடிவு சொல்வது தெர்மாமீட்டர். ஆலை உறையிலேயே வந்த வெந்த ஹாம் என்றால் நடுப்பகுதி 60 டிகிரி போதும். கடையில் பிரித்து மறுபடி கட்டிக் கொடுத்ததோ, வீட்டில் மிஞ்சியதோ என்றால் 74 வரை போக வேண்டும். வேகாததும் பச்சையும் 63 டிகிரி வந்ததும் வெளியே எடுத்து, குறைந்தது மூன்று நிமிடம் விட்டுப் பிறகு வெட்டலாம். பழைய சமையல் புத்தகங்களில் 71 என்று இருக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011இல் முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கு அதை 63 ஆகக் குறைத்தது. பழைய அளவைப் பிடித்துக்கொண்டிருந்தால் வறண்ட கறிதான் கிடைக்கும்.

தெர்மாமீட்டர் முனை மிகத் தடித்த சதைக்குள் இருக்க வேண்டும், எலும்பில் படக்கூடாது. பட்டால் காட்டும் எண் தப்பு. இன்னொன்று: எலும்பு முனையில் சில ஹாம்களுக்குப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஓவனில் வைக்கும் முன் தேடிப் பார்த்துக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை பேருக்கு வரும்?

பதில்: எலும்போடு என்றால் ஆளுக்கு 350 கிராம் வைத்துக்கொள்ளுங்கள், 5 கிலோ பதினான்கு பேருக்குப் போதும். எலும்பில்லாதது ஆளுக்கு 150 கிராம்.

கேள்வி: 63 டிகிரி காட்டியும் உள்ளே ரோஸ் நிறமாகவே இருக்கிறதே, வேகவில்லையா?

பதில்: வெந்துவிட்டது. பதப்படுத்தும் உப்பில் இருக்கும் நைட்ரைட் சதையின் நிறமியோடு சேர்ந்து, சூட்டில் அந்த ரோஸ் நிறத்தை நிலைக்க வைத்துவிடுகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. நிறத்தை வைத்து வெந்ததா என்று பார்க்கும் வழக்கம் ஹாமுக்கு ஒத்துவராது.

கேள்வி: வளையமாக முன்பே வெட்டி வரும் ஹாம் எனக்கு எப்போதும் சக்கையாகிவிடுகிறது.

பதில்: வெட்டு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஈரம் வெளியேற வழி இருக்கிறது, அதுதான் காரணம். வெட்டுப் பக்கம் தட்டில் கவிழ்ந்திருக்கும்படி வையுங்கள். தட்டில் இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, ஃபாயிலால் விளிம்பு இறுக மூடுங்கள். இந்த வகைக்குக் கிலோவுக்கு 22 நிமிடத்திலேயே தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கத் தொடங்கலாம். உண்மையில் இதைச் சூடாக்காமல் குளிராகவே பரிமாறினால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: மேலே பூசும் இனிப்புப் பூச்சு ஒரு தடவை கருகியது, அடுத்த தடவை வழிந்து தட்டுக்குப் போனது. அளவு சொல்லுங்கள்.

பதில்: கருகியது என்றால் சீக்கிரம் பூசிவிட்டீர்கள். சர்க்கரைப் பூச்சு மூன்று மணி நேரச் சூட்டைத் தாங்காது, கடைசி 20 நிமிடத்துக்கு மட்டும்தான் அதற்கு வேலை.

வழிந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: பூச்சு நீர்த்திருந்தது, அல்லது மேற்பரப்பு ஈரமாக இருந்தது. 5 கிலோவுக்குப் பழுப்புச் சர்க்கரை 200 கிராம், கடுகு விழுது 3 டேபிள்ஸ்பூன், வினிகர் 2 டேபிள்ஸ்பூன். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் பதம் வரும்வரை கொதிக்க விடுங்கள். உப்பு சேர்க்கவே கூடாது.

நடுப்பகுதி வேண்டிய அளவுக்கு 5 டிகிரி குறைவாக இருக்கும்போது ஹாமை வெளியே எடுங்கள். தடித்த தோலை உரித்து, கொழுப்பை அரை சென்டிமீட்டருக்கு விட்டுவைத்து, கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். கீறல் கொழுப்போடு நிற்கட்டும். சதைக்குள் இறங்கினால் சூட்டில் கட்டங்கள் பிளந்து கொழுப்பே உதிர்ந்துவிடும். துணியால் ஒற்றி, பாதிப் பூச்சைத் தடவி, மூடாமல் 200 டிகிரியில் பத்து நிமிடம். மீதியைத் தடவி இன்னொரு பத்து. இந்த இருபது நிமிடமும் அடுப்படியை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் உப்பில் உலர்த்திய ஹாம் ஒன்று வந்தது. வாயில் வைக்க முடியவில்லை.

பதில்: அதை ஊறவைக்காமல் சமைக்க முடியாது. மேலே பூஞ்சை படிந்திருந்தால் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். இந்த ரகத்தில் அது சகஜம். பிறகு ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீரில் முழுக வைத்து, ஆறு மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றி 24 மணி நேரம். அடுத்து பெரிய பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்காமல் ஓரத்தில் குமிழி எட்டிப் பார்க்கும் அளவுச் சூட்டில் கிலோவுக்கு 45 நிமிடம். கொதித்தால் சதை நார் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும். வெந்த தண்ணீரை ருசி பார்த்துவிட்டு முடிவெடுங்கள்: பெரும்பாலும் சூப்புக்கு ஆகாது, கொட்டத்தான் வேண்டும்.

கேள்வி: மிஞ்சியதை எத்தனை நாள் வைக்கலாம்? வெட்டிய இடத்தில் பச்சையாக மின்னுகிறது, கெட்டுப்போச்சா?

பதில்: மினுமினுப்பு மட்டும் என்றால் பயமில்லை. வெட்டுப்பட்ட சதை நார்களில் ஒளி சிதறுவதால் வரும் நிறம் அது. கோணத்தை மாற்றினால் மறையும். பிசுபிசுப்போ புளிப்பு வாடையோ இருந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். முழுசாக வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகும். எலும்பிலிருந்து பிரித்து, தட்டையான டப்பாக்களில் வையுங்கள். 4 டிகிரியில் மூன்று நான்கு நாள். ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மாதம், காற்றுப் புகாமல். அதற்கு மேல் உப்பு கொழுப்பைச் சிக்கு வாடை அடிக்க வைக்கும். அதனால்தான் ஹாம் மற்ற இறைச்சியை விடச் சீக்கிரம் ருசி கெடுகிறது.

கேள்வி: எலும்பை என்ன செய்ய? குப்பைக்குப் போட மனசு வரவில்லை.

பதில்: போடாதீர்கள்! ஹாமிலேயே மதிப்புள்ள பாகம் அது. பட்டாணிப் பருப்பு 500 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, பிரிஞ்சி இலை ஒன்று, எலும்பு. மிதமான தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். எலும்பை எடுத்து ஒட்டியிருக்கும் சதையை உதிர்த்துச் சூப்பிலேயே போடுங்கள். உப்பு கடைசியில், அதுவும் ருசி பார்த்த பிறகு. பெரும்பாலும் தேவைப்படாது, மிளகு போதும்.

பருப்பு வேகவில்லை என்றால் அது பழைய சரக்கு, அல்லது தண்ணீர் கடினமானது, அல்லது தக்காளி, வினிகர் எதையாவது முன்கூட்டியே போட்டுவிட்டீர்கள். பிரஷர் குக்கரில் வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைத்து வால்வை அடைக்கும். பட்டாணிக்குப் பதில் சிவப்பு ராஜ்மா போடுபவர்கள் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே மெதுவான சூட்டுக்கு மாற்றுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வாந்தி வரவழைக்கும்.

கேள்வி: ஹாம் போட்டு ஃப்ரைடு ரைஸ் செய்தால் சொதசொதவென்று, ஒரே உப்பு.

பதில்: ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, எண்ணெய் ஊற்றாமல் சூடான கடாயில் தனியாக வறுங்கள். நீர் வற்றி ஓரம் சிவந்ததும் எடுத்து வைத்து, கடைசியில் சேருங்கள். சோறு ஆறியதாக இருக்கட்டும். சோயா சாஸ் வழக்கத்தில் பாதி. துண்டுகளே கரிக்கிறது என்றால் வறுக்கும் முன் வெந்நீரில் பதினைந்து நிமிடம் போட்டு வடித்துவிடலாம்.

கேள்வி: உருளைக்கிழங்கு, ஹாம், பால் வைத்து ஓவனில் செய்தேன். பால் திரிந்தது.

பதில்: வெறும் பாலாக ஊற்றியிருப்பீர்கள். வெண்ணெய் 40 கிராமில் மைதா 40 கிராம் வறுத்து, பால் 600 மில்லி சேர்த்துக் கெட்டியாக்கி ஊற்றுங்கள். மாவு பாலைத் திரியவிடாது. கிழங்கு 1 கிலோ, ஹாம் 300 கிராம், 180 டிகிரியில் ஒரு மணி நேரம்.

கேள்வி: மிஞ்சிய ஹாமில் அன்னாசி கலந்து சாலட் செய்து வைத்தேன். மறுநாள் ஹாம் குழைந்துவிட்டது.

பதில்: பச்சை அன்னாசியில் உள்ள புரொமலைன் என்ற நொதி புரதத்தை அரித்துவிடும். டின் அன்னாசி போடுங்கள், அதில் சூட்டில் நொதி அழிந்திருக்கும். பச்சைப் பழம்தான் வேண்டும் என்றால் பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஓரமாக வெட்டிய கொழுப்பு?

பதில்: பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் உருக்கி வடிகட்டுங்கள். பூச்சு ஒட்டிய பகுதியைச் சேர்க்காதீர்கள், சர்க்கரை அடிப்பிடிக்கும். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் முட்டைக்கும் அருமையாக இருக்கும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.